லடாக் வானில் 329 முறை: எல்லைக் காவலர்கள் கண்ட வெளிச்சங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் அடையாளம் தெரியாத வெளிச்சங்கள் வானில் நகர்வதாக 2012-ல் நம் எல்லைக் காவலர்கள் பதிவு செய்தார்கள். அவை வியாழனும் வெள்ளியும்தான் என்று மறு ஆண்டு வானியலாளர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து சிலர் "கிரகத்தைப் பார்த்துப் பயந்த ராணுவம்" என்று கேலி செய்கிறார்கள். வேறு சிலர், எதையோ மூடி மறைக்கத்தான் கிரகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறார்கள். இரண்டுமே அந்த வீரர்களுக்கும் அந்த வானியலாளர்களுக்கும் நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நடந்தது என்ன?

பாங்காங் ஏரியின் தென்கரையில் தாக்குங் என்ற இடத்தில் எல்லைக் காவல் நிலை இருக்கிறது. 1962 போரில் கடுமையான சண்டை நடந்த சுஷுல் பகுதியை ஒட்டிய இடம் அது. ஏரியின் மட்டமே கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேல். ஏரியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, இந்தியாவையும் சீனாவையும் பிரிக்கும் அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு போகிறது.

2012 ஆகஸ்ட் முதல் அந்தப் பகுதியில் இருந்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் ராணுவமும் ஒரே மாதிரியான தகவலை மேலிடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தன. மஞ்சள் நிற உருண்டை போன்ற ஒளி ஒன்று சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து எழுகிறது, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வானில் மெதுவாக நகர்கிறது, அப்புறம் மறைந்துவிடுகிறது என்பதுதான் தகவல். 2013 பிப்ரவரி வரை இப்படி 329 முறை பார்த்ததாகக் குறிப்பு எழுதினார்கள். அதில் 155 முறை அந்தப் பொருள் எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததாகவும் பதிவானது.

சீனாவின் ஆளில்லா உளவு விமானமாக இருக்குமோ என்பதுதான் முதல் சந்தேகம். வேற்றுக்கிரக வாசிகள் என்ற பேச்சு பெரும்பாலும் பத்திரிகைத் தலைப்புகளில் வந்தது. எல்லையில் நிற்பவனுக்கு இருந்த கவலை முழுக்கப் பூமியைச் சேர்ந்தது.

கடைசியில் பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் மையத்தை அணுகினார்கள். இவை வானத்தில் இருப்பவையா, பூமிக்குச் சொந்தமானவையா என்று சொல்லுங்கள் என்பதுதான் அவர்களிடம் கொடுத்த வேலை. மையத்தைச் சேர்ந்த துஷார் பிரபு உள்ளிட்ட வானியலாளர்கள் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, முதல் பொருள் வியாழன், இரண்டாவது வெள்ளி என்றார்கள். 2013 ஜூலையில் இது செய்தித்தாள்களில் வந்தது.

வீரர்களுக்கு விடிவெள்ளிகூடவா தெரியாது?

இந்தக் கேள்வியில் இருக்கும் ஏளனம் தேவையற்றது. விடிவெள்ளியை நம் ஊரில் நாம் பார்ப்பது ஈரமும் தூசியும் நிறைந்த காற்றின் வழியே. அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது அதன் ஒளியில் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடும். பாங்காங் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஈரம் மிகக் குறைவு, தூசி இல்லை, சுற்றிலும் தெருவிளக்கு கிடையாது. அப்படிப்பட்ட வானில் வெள்ளி நிழல் விழும் அளவுக்கு ஒளிவிடும். வானிலேயே பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். 2012 ஆகஸ்டில் வெள்ளி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசமாக இருந்தது. டிசம்பரில் வியாழன் சிரியஸைவிட மூன்று மடங்கு.

மலை வேறு இருக்கிறது. சமவெளியில் ஒரு கோள் அடிவானத்தில் மங்கலாகச் சிவந்து தோன்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசம் கூடி மேலே வரும். மலைத்தொடருக்குப் பின்னால் உதிக்கும்போது அந்த முன்கதை முழுதும் மறைந்துவிடுகிறது. முகடு வெறும் இருட்டாக இருக்கும், அடுத்த நொடி அங்கே ஒரு பெரிய விளக்கு எரியும். அதைப் பார்ப்பவருக்கு "உதித்தது" என்று தோன்றுமா, "கிளம்பியது" என்று தோன்றுமா? அதுவும் அந்த முகட்டுக்குப் பின்னால் எதிரி முகாம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு?

அந்தக் காலத்தில் எல்லையில் ஆளில்லா விமானங்கள் உண்மையிலேயே பெருகிக்கொண்டிருந்தன. வானியலாளர்களும் குழப்பத்துக்கான காரணங்களில் ஒன்றாக அதைச் சொன்னார்கள். 2013 ஏப்ரலில் சீனப் படையினர் வடக்கே தெப்சாங் சமவெளியில் வந்து கூடாரம் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார்கள். அதே எல்லையில்தான் இதெல்லாம் நடந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. சந்தேகமான ஒளியைப் பார்த்துவிட்டு எழுதி வைக்காமல் விட்டிருந்தால்தான் அது கடமை தவறுவது.

ஏன் எப்போதும் சீனப் பக்கத்திலிருந்தே வந்தது?

அங்கே சீனப் பக்கம் என்பது கிழக்கு. கிழக்கில்தான் எல்லாம் உதிக்கிறது. அந்த இடத்தில் எல்லைக் கோடு ஏறத்தாழ வடக்கு தெற்காகப் போவதால், சூரியன், நிலா, கோள், நட்சத்திரம் எதுவானாலும் சீனா பக்கம் தலைகாட்டி, உச்சிக்கு ஏறி, இந்தியப் பக்கம்தான் இறங்கியாக வேண்டும். எல்லைக் கோட்டின் மேற்குப் புறத்தில் நிற்கும் ஒருவர் தரையில் இருக்கும் கோட்டை மனத்தில் வானத்துக்கு நீட்டிப் பார்த்தால், ஒவ்வொரு இரவும் எல்லை மீறல்தான். அந்த 155-ஐ நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதே வெளிச்சங்களை எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால், உச்சி தாண்டியபின் அவை இந்தியாவுக்குள் போய் மறைவதாகத் தெரியும்.

ரேடாரில் ஒன்றும் தெரியவில்லையாமே?

ஆமாம். 2012 செப்டம்பரில் ஏரிக்கு அருகே ஒரு மலை உச்சிக்கு நடமாடும் ரேடாரையும் அலைவரிசைகளை அலசும் கருவியையும் கொண்டுபோனதாக அந்த ஆண்டு நவம்பரில் செய்தி வந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ரேடார் திரையில் வரவில்லை. அப்படியானால் அது உலோகத்தால் ஆனதாக இருக்காது என்று முடிவு கட்டினார்கள். ஆளில்லா விமானம் ஒன்றை அனுப்பிப் பார்த்ததாகவும், எவ்வளவு உயரம் போயும் அதனால் அந்தப் பொருளை எட்ட முடியவில்லை என்றும் அதே செய்தி சொன்னது.

இந்த விவகாரத்தில் மர்மத்தை ஏற்றிவிட்டதே இந்த ரேடார் விஷயம்தான். எனக்கோ இதுதான் மிகத் தெளிவான துப்பாகத் தெரிகிறது. 2012 டிசம்பர் 3-ஆம் தேதி வாக்கில் வியாழன் பூமிக்கு நெருங்கி வந்தபோதும் அதன் தூரம் சுமார் 61 கோடி கிலோமீட்டர். ரேடார் அலை ஒளியின் வேகத்தில்தான் போகிறது. அங்கே போய்ச் சேரவே 34 நிமிடம், திரும்பி வர இன்னொரு 34 நிமிடம். போர்க்கள ரேடார் தன் எதிரொலிக்கு ஒரு நொடியில் சிறு பகுதி நேரம்தான் காத்திருக்கும். எதிரொலி வந்தாலும் அது உணர முடியாத அளவுக்குப் பலவீனமாக இருக்கும். 1961-ல் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் வெள்ளியிலிருந்து ரேடார் எதிரொலியைப் பிடித்தது. அதற்கே பெரிய ஆன்டெனாவும் தனியாகச் செய்த கருவிகளும் தேவைப்பட்டன.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது, ரேடாருக்குத் தெரியவில்லை, விமானத்தால் எட்ட முடியவில்லை. மூன்றையும் சேர்த்தால் "மிக மிகத் தொலைவில் இருக்கிறது" என்பதுதான் எளிய பதில்.

ஆனால் அது நகர்ந்தது என்று சொன்னார்களே. கிரகம் நகருமா?

நகரும். பூமி சுற்றுவதால் வானமே மணிக்கு 15 டிகிரி வீதம் கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெதுவாக வானைக் கடந்தது என்ற வர்ணனை இதோடு அப்படியே பொருந்துகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேலே மணிக்கு 15 டிகிரி நகர்கிறது என்றால் அதன் வேகம் மணிக்கு 2.6 கிலோமீட்டர்தான். மனிதன் நடக்கிற வேகத்தில் பாதி! இறக்கை வைத்த விமானம் எதுவும் அந்த வேகத்தில் அந்தரத்தில் நிற்காது. லடாக் காற்றில் இரவு முழுக்க அப்படி மிதக்கும் என்று நினைக்கவே முடியாது.

இது தவிர, கண்ணின் வேலை ஒன்று உண்டு. கும்மிருட்டில் ஒற்றைப் புள்ளி ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அசையாத ஒளியும் ஆடுவது போல, இழுபடுவது போலத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறெதுவும் இல்லாததால் கண்ணின் சிறு அசைவுகளை மூளை பொருளின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. 1799-லேயே ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் தெனெரீஃப் தீவின் மலையில் நட்சத்திரங்கள் ஊசலாடுவதாகக் குறித்து வைத்தார். ஆடியது நட்சத்திரம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அவர் கூர்மையான கவனிப்புக்குப் பேர்போனவர். பயிற்சி பெற்ற கண்ணையும் இது விடாது.

வண்டியில் போகும்போது "அது எங்களைத் தொடர்ந்து வந்தது" என்று சொல்வார்கள் பாருங்கள், அதுவும் இப்படித்தான். இரவுப் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நிலா கூடவே வருவதைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் இருக்காது. மிகத் தொலைவில் உள்ள பொருளுக்கு நாம் நகர்வதால் திசை மாறாது. அதனால் அது நம்மோடு வருவதாகத் தோன்றுகிறது.

ஒரு பொருள் காலை 11 மணி வரை தெரிந்ததாம். பகலில் எப்படிக் கோள் தெரியும்?

வெள்ளி தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் நம் ஊரிலும் தெளிவான நாளில் பார்க்கலாம். 4,000 மீட்டருக்கு மேல் வானம் கருநீலமாக இருப்பதால் இன்னும் எளிது. விடியுமுன்னே அதைப் பிடித்துவிட்டு, கண்ணை எடுக்காமல் தொடர்ந்தால் பகல் ஏறிய பின்னும் விடாமல் பார்க்க முடியும். காவலுக்கு நிற்பவர் செய்வதும் அதைத்தான்.

வானியலாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வீரர்கள் எழுதி வைத்த நேரங்களும் அந்த மாதங்களில் கோள்கள் இருந்த இடமும்தான் இந்த வழக்கின் உயிர்.

செய்திகளில் வந்தபடி, முதல் பொருள் மாலை 6 மணி வாக்கில் தோன்றி அதிகாலை 5 மணி வரை இருந்தது. இரண்டாவது அதிகாலை 4 மணிக்கு வந்து முற்பகல் 11 வரை தெரிந்தது. இனி வானத்தைப் பார்ப்போம். 2012 ஜூன் 6 நினைவிருக்கிறதா? சூரியனின் முகத்தைக் கறுப்புப் பொட்டாக வெள்ளி கடந்துபோனதை நாடே வடிகட்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தது. அந்தக் கடத்தல் முடிந்த கையோடு வெள்ளி சூரியனுக்கு மேற்கே வந்து விடிகாலை வானுக்கு மாறிவிட்டது. ஆகஸ்ட் 15 வாக்கில் சூரியனிலிருந்து அதிகபட்சமாக, சுமார் 46 டிகிரி, விலகி நின்றது. அதன்பிறகு மெல்ல மெல்லச் சூரியனை நோக்கி இறங்கி, 2013 மார்ச் கடைசியில் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. வீரர்களின் பதிவுகள் தொடங்கியது ஆகஸ்டில், முடிந்தது பிப்ரவரியில். இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்காது.

வியாழன் ஜூலையில் வெள்ளிக்குப் பக்கத்திலேயே விடிகாலைக் கீழ்வானில் இருந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக முந்தி உதித்து வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் இரவு ஒன்பதரை வாக்கில், நவம்பர் தொடக்கத்தில் ஏழரை வாக்கில், டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மறையும்போதே கிழக்கில் எழும்பியது. டிசம்பர் கடைசியில் பொழுது சாய்ந்ததும் தெரிய ஆரம்பித்து, விடிகாலை ஐந்து மணி வாக்கில் மேற்கே மறைந்தது. முதல் பொருளின் நேரம் அதுவேதான்.

தினமும் நான்கு நிமிடம் முந்திக்கொள்வது வானத்துப் பொருளின் கையெழுத்து மாதிரி. விமானம் ஓட்டுபவர் எவரும் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிக்கொண்டே இருக்க மாட்டார். ஒரு நாள் குறிப்பில் இது தெரியாது. பல வாரக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகத் தெரியும். அந்த வகையில் சலிக்காமல் எழுதிய அந்தக் காவலர்களும் இந்தப் புதிரை விடுவித்தவர்கள்தான் என்பேன்.

இன்னொரு சோதனை, அந்த ஒளி நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா, அவற்றைக் கடந்து போகிறதா என்று பார்ப்பது. அந்தக் குளிர்காலத்தில் வியாழன் ரோகிணி நட்சத்திரத்துக்கு அருகே நின்றது. இரவு முழுக்க இரண்டும் ஒன்றாகவே போயிருக்கும். விமானமாக இருந்தால் சில நிமிடத்திலேயே ரோகிணியை விட்டு விலகியிருக்கும்.

வியாழன் ரிஷபத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

நம்மில் பலருக்குத் தெரிந்திருந்தது. 2012 மே மாதம் குரு ரிஷபத்துக்குப் பெயர்ந்ததை நம் ஊர் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் வாரக்கணக்கில் பேசின. பலன்களை விட்டுவிடுங்கள், கோள் எங்கே நிற்கிறது என்ற தகவல் நம் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருந்தது. ஆனால் அந்தத் தகவலை வைத்துக்கொண்டு இரவில் வெளியே வந்து, "அதோ அதுதான் குரு" என்று கைநீட்டிக் காட்டக்கூடியவர் நம்மிலும் குறைவு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

"கோள்கள் அல்ல" என்று விஞ்ஞானிகள் 2012-லேயே சொன்னதாகப் படித்தேனே?

அப்படி ஒரு செய்தி வந்தது உண்மை. லடாக்கில் ஹன்லே என்ற இடத்தில், ஏரிக்குத் தெற்கே, 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் மையத்தின் வானாய்வகம் இருக்கிறது. அங்கிருந்த குழு செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் பார்த்துவிட்டு, எரிகல்லும் இல்லை, கோளும் இல்லை என்று சொன்னதாக ராணுவ அதிகாரிகளை மேற்கோள் காட்டி நவம்பரில் எழுதினார்கள். அதாவது அது வேறொருவர் வாய் வழியாக வந்த தகவல். 2013-ல் வந்ததோ, அந்த மையத்தின் வானியலாளர்களே பெயரோடு சொன்ன முடிவு.

எனக்கு இதில் யார் வாய்ச்சொல்லும் கடைசித் தீர்ப்பு கிடையாது. கோள்களின் நிலை எவரும் கணக்கிட்டுப் பார்க்கக் கூடியது. கணக்கு 2013 முடிவின் பக்கம் நிற்கிறது.

மறைப்பதற்காக இப்படிச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

உளவு விமானத்தை மறைக்க வேண்டுமென்றால் மறைப்பதற்கு ஆயிரம் வழி உண்டு. ஆறு மாதம் கோள்களைத் துரத்தினோம் என்று ஒரு ராணுவம் ஊருக்குச் சொல்வது அதில் ஒன்றாக இருக்காது. அது அவர்களுக்குச் சங்கடமான முடிவு. அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொண்டு வெளியில் ஆள் வைத்துக் கேட்டார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

இந்திய வானியற்பியல் மையத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகம்தான் இதன் வேர். 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் உருவானது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இந்த மையத்துடையதுதான். ஹன்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெங்களூர் அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அதை இயக்குகிறார்கள்.

மற்ற நாட்டு ராணுவங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. வானில் தெரியும் அடையாளம் தெரியாத பொருள்களைப் பற்றி அமெரிக்க விமானப்படை 1947 கடைசியில் ஒரு விசாரணைத் திட்டத்தைத் தொடங்கியது. பெயர்கள் மாறி, 1952-லிருந்து அது புராஜெக்ட் புளூ புக் என்று அழைக்கப்பட்டது. 1969 டிசம்பரில் மூடும் வரை மொத்தம் 12,618 தகவல்கள் வந்தன. அவற்றில் 701-க்குத்தான் விளக்கம் கிடைக்கவில்லை.

அங்கே ராணுவம் ஆரம்பத்திலேயே ஒரு நல்ல காரியம் செய்தது. 1948-லேயே ஆலன் ஹைனக் என்ற வானியல் பேராசிரியரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. வரும் தகவல்களில் கோள், நட்சத்திரம், எரிகல் என்று விளக்கக் கூடியவற்றைப் பிரித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. பாட்டெல் என்ற ஆய்வு நிறுவனம் சுமார் 3,200 தகவல்களை அலசி 1955-ல் வெளியான அறிக்கையில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வானியல் பொருள்கள் என்று கண்டது.

கண்ணால் கண்ட சாட்சியம் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு 1968 மார்ச் 3 இரவு ஒரு நல்ல உதாரணம். சோவியத் விண்கலம் சோண்ட்-4 ஏவப்பட்டபோது கழன்ற ராக்கெட் பாகங்கள் வளிமண்டலத்தில் எரிந்து அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கு மேலே தீப்பொறிகளாகக் கடந்தன. பார்த்தவர்களில் சிலர், வரிசையாக ஜன்னல் வைத்த ஒரே நீளக் கலம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பொய் சொல்லவில்லை. தனித்தனிப் பொறிகளுக்கு நடுவே இருந்த இருட்டை அவர்கள் மனமே ஒரு கலமாக இணைத்துக்கொண்டது.

அப்போ எது வந்தாலும் "வெள்ளி" என்று சொல்லி முடித்துவிடலாமா?

கூடாது. அப்படிச் சொல்லி ஒரு ராணுவம் தவறியும் இருக்கிறது.

1948 ஜனவரி 7-ஆம் தேதி பட்டப்பகலில் கென்டக்கி மாநிலத்தின் காட்மன் விமானத் தளத்துக்கு அருகே வானில் வெள்ளையாக ஏதோ பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்த போர் விமானங்களைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். கேப்டன் தாமஸ் மான்டெல் ஆக்சிஜன் கருவி இல்லாமலே 20,000 அடிக்கு மேல் ஏறிப் போனார். மூச்சுக் காற்று போதாமல் நினைவிழந்து, விமானம் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 25.

அவர் துரத்தியது வெள்ளிக் கோள் என்று விமானப்படை சொன்னது. வெள்ளி அந்தத் திசையில் இருந்ததும் உண்மை. ஆனால் அன்றைக்கு அது பகலில் பெரிய பொருளாகக் கண்ணுக்குப் படும் அளவு பிரகாசமாக இல்லை. நேரமும் திசையும் ஓரளவு ஒத்துப்போனாலும் தோற்றம் ஒத்துப்போகவில்லை. பிறகு கிடைத்த நல்ல விளக்கம், கடற்படை ரகசியமாகப் பறக்கவிட்ட ஸ்கைஹுக் என்ற ராட்சத பலூன். அது ரகசியம் என்பதால் விசாரித்தவர்களுக்கே அப்போது தெரியாது.

லடாக் வழக்கோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். லடாக்கில் திசை, நேரம், பிரகாசம், வேகம், ரேடார் மௌனம், மாதவாரி மாற்றம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மான்டெல் விஷயத்தில் ஒரே ஒரு பொருத்தத்தை வைத்துக்கொண்டு கோப்பை மூடப் பார்த்தார்கள். இறந்துபோனவர் குடும்பத்துக்கு அதைவிடக் கவனமான பதில் சேர வேண்டியிருந்தது.

தாக்குங்கில் அப்போதே எளிதாகச் சரிபார்த்திருக்க முடியுமா?

நல்ல பைனாகுலரை முக்காலியில் அசையாமல் பொருத்தி வியாழனைப் பார்த்தால், பக்கத்தில் ஒரே கோட்டில் அதன் நான்கு பெரிய நிலவுகளும் சிறு புள்ளிகளாகத் தெரியும். அடுத்த இரவு அவற்றின் வரிசை மாறியிருக்கும். எல்லைக் காவலில் பைனாகுலருக்குப் பஞ்சமில்லை. எதைத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். ஹன்லே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இப்போதும் இப்படிக் குழப்பம் வருமா?

வரும், ஆள்தான் மாறியிருக்கிறது. 2019 முதல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் கூட்டம் கூட்டமாக ஏவப்படுகின்றன. ஏவிய சில நாட்களுக்கு அவை ரயில் பெட்டிகள் போல வரிசையாகப் போகும். அடையாளம் தெரியாத பொருள்களை ஆராய்வதற்கென்றே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2022-ல் ஒரு அலுவலகத்தைத் திறந்தது. அதற்கு வரும் தகவல்களிலும் பல பலூன், பறவை, ட்ரோன், செயற்கைக்கோள் என்று முடிகின்றன. விமானிகளும் இப்போது ஸ்டார்லிங்கைப் பார்த்துத் தகவல் தருகிறார்கள்.

நானே ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் என்ன குறித்துக்கொள்வது?

நேரம், திசை, உயரம். உயரத்துக்குக் கருவி வேண்டாம்: கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு மரக்கிளையோ கட்டட விளிம்போ ஒளிக்கு அருகில் வரும்படி நின்றுகொண்டால் கண் ஏமாற்றாது. மறுநாளும் அதே நேரத்துக்குப் போங்கள். கைபேசியில் எடுக்கும் படம் பெரும்பாலும் உதவாது. மங்கிய புள்ளிதான் விழும்.

லடாக் முடிவை வீட்டிலிருந்தே சரிபார்க்க முடியுமா?

தாராளமாக. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். இடத்தைப் பாங்காங் ஏரி என்று வைத்து, தேதியை 2012 டிசம்பர் 20, நேரத்தை மாலை 7 மணி என்று மாற்றிக் கிழக்கே பாருங்கள். ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன் நிற்கும். நேரத்தை வேகமாக ஓட்டினால் அது உச்சி தாண்டி மேற்கே இறங்குவது தெரியும். அப்புறம் நவம்பர் 1, அதிகாலை 4 மணிக்கு மாற்றுங்கள். வெள்ளி கிழக்கு அடிவானத்தை ஒட்டி அப்போதுதான் எழும்பியிருக்கும். மென்பொருள் காட்டுவது சமதளமான அடிவானம். மலை முகட்டுக்காக அரை மணி நேரமோ இன்னும் சற்று கூடவோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.